லோடு இறங்கவில்லை

"அருளு! கதவத் தொற!"

ஸ்பானரால் கதவை மொத்திக்கொண்டிருந்தான் பாஸ்கல்.

பொழுது சாய்ந்து இருட்டுக் கட்டிய நேரம். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை... கத்தினால் காதில் வாங்க ஒரு நாய்கூட இல்லாத பாதை. தொண்ணூற்று நாலு, ஐப்பசி மழை. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன். என் சிநேகிதன் மனோகரனின் சித்தப்பாதான் இந்தப் பாஸ்கல். சினிமா யூனிட்டில் ஜெனரேட்டர் ஓட்டுபவன். அருள்செல்வி அவன் மனைவி. அதே யூனிட்டில் துணிமணிகளுக்குப் பொறுப்பு.

மழையால் ஷூட்டிங் பாதியில் நின்று, மற்றவர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள், வேனிலும் வண்டிகளிலும். நடிகை தங்கும் டிரெய்லர் மட்டும் கரையில் நின்றது. சக்கரம் வைத்த சின்ன வீடு. காலைக் காட்சிக்குப் புடவை தேய்க்க அருள்செல்வி உள்ளே போனாள். பாஸ்கல் வெளியே ஜெனரேட்டரைக் கிளப்பிவிட்டு பீடி பற்றவைத்தான்.

அயர்ன் பாக்ஸ் கரண்ட் இழுத்தால் லோடு ஏறி இன்ஜின் முனகும். பெட்டி சூடேறியதும் லோடு இறங்கி லேசாகிவிடும். மறுபடி முனகும். இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தம் அவனுக்கு அத்துப்படி.

அன்று முனகியது... முனகிக்கொண்டே இருந்தது. லோடு இறங்கவே இல்லை.

பிறகு, பட்டு கருகும் வாடை. ஸ்பானரோடு ஓடினான். கதவு உள்ளே தாழ்.

"மாமா..." அவள் குரல்தான். "அல்லாத்தையும் தேய்ச்சி முட்ச்சிட்டேன்... கைய உட மாட்டேன்றாங்க..."

"யாருடி? உள்ள யாரு கீறாங்க?"

ஸ்ஸ்ஸ்... ஈரத் துணிமேல் சூடு நகரும் சத்தம்.

கரண்டை நிறுத்தினால் பெட்டி ஆறிவிடுமே! ஓடிப்போய் இன்ஜினை அணைத்தான். ஏரியில் தவளைகூட மூச்சு விடவில்லை. டிரெய்லருக்குள் இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டது. ஒரு டியூப்லைட், ஒரு ஃபேன்... அவ்வளவுதான் தாங்கும். அயர்ன் பாக்ஸையா தாங்கும்? கீ... கீ... என்று அலறிவிட்டு அணைந்தது. வெளிப்பெட்டியைத் திறந்து பேட்டரி வயரையும் பிடுங்கி எறிந்தான்.

இனி டிரெய்லரில் பொட்டுக் கரண்ட் கிடையாது.

ஸ்ஸ்ஸ்...

"எரியுது மாமா..."

தோளால் இடித்தான். ஸ்பானரால் நெம்பினான். தகடு நெளிந்தது, கதவு அசையவில்லை. "மாதாவே... மாதாவே..." என்று அதன்மேலேயே சரிந்து அழுதான்.

தூரத்தில் ஒரு மொபெட் வெளிச்சம். யூனிட் ஆள் பரந்தாமன். பூந்தமல்லி வரை போனவன், திரும்பி வந்திருக்கிறான்.

"இன்னா அண்ணாத்தே, அண்ணி வெளிய தள்ளிட்டாங்களா?"

சிரித்துக்கொண்டே பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினான். பாஸ்கல் பார்த்தான்.

"இத்த வேன்லயே உட்டுட்டீங்களே! அயர்ன் பாக்ஸ் இல்லாம, அண்ணி வெறுங்கையாலயா தேய்ச்சிக்கினு கீறாங்க?"

உள்ளே...

ஸ்ஸ்ஸ்...