கரண்டிவாயன்கள் இறங்கிய காலை

குளிர்காலத்தில் கேமரா பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். அதனால் இன்னொரு பேட்டரியை எப்போதும் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டிலேயே வைத்திருப்பேன். பூங்காவுக்குப் படம் எடுக்க வரும் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அடுத்து, வாயைத் திறக்காதீர்கள் என்பேன். ஆளைப் பார்த்துக்கூடச் சில பறவைகள் பழகிவிடும். குரலுக்குப் பழகவே பழகாது.

நீங்கள் கேட்டது கயிற்றைப் பற்றி. வருகிறேன், ஐயா.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கண் பரிசோதிப்பது நான். கல்லாவில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் சிரித்துப் பேசி ஃப்ரேம் எடுத்துக் காட்டுவது என் மனைவி. பிள்ளைகள் இல்லை. கடை திறப்பதற்கு முன்னால் கிடைக்கும் காலை நேரம்தான் எனக்கென்று இருந்தது. அதற்கு அவள் ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை. "என் சக்களத்திங்க எல்லாரும் சௌக்கியமா?" என்று குளத்துப் பறவைகளை விசாரிப்பாள். அவ்வளவுதான்.

இந்தக் குளிருக்குப் பூங்காக் குளத்தில் ஒரு ஜோடி கரண்டிவாயன்கள் வந்து இறங்கின. வெள்ளை வெளேரென்று இருக்கும், அலகின் நுனி மட்டும் கரண்டிபோலத் தட்டை. வழி தப்பி வந்திருக்க வேண்டும். பழைய படகுத்துறையின் பலகைப் பாலத்தை ஒட்டித்தான் மேய்ந்தன. பனிமூட்டம், கறுத்த மரத்தூண்கள், நடுவில் அந்த வெள்ளை. படம் தயாராகவே இருந்தது. இடைஞ்சல் ஒன்றுதான். பலகைகள் உளுத்துப்போனதால் காவலாளி பாலத்தின் முகப்பில் குறுக்கே கயிறு கட்டி, ஒரு சிவப்புத் துணியையும் தொங்கவிட்டிருந்தார். எங்கே உட்கார்ந்தாலும் அந்தச் சிவப்பு படத்துக்குள் வந்து விழுந்தது. காற்றில் அது படபடத்தால் பறவைகள் கிட்டவே வருவதில்லை.

அவரிடம் கேட்டுப் பார்த்தேன். "காலையில கொஞ்ச நேரம் மட்டும் அவுத்து வச்சுக்கிறேனே?"

"வேணாம் சார். தெரியாம யாராச்சும் கால வச்சிட்டா என் வேலை போயிடும். வேலை கெடக்குது, அவங்க உசுரு போயிடும்."

நியாயமான மனிதர். அதனால் அவரோடு வாதாடவில்லை. அவர் அந்தப் பக்கம் சுற்றி வருவதற்கு முன் போய் அவிழ்ப்பேன். சுருட்டி நாணலுக்குள் வைப்பேன். படம் எடுத்து முடித்ததும் பழையபடி கட்டிவிடுவேன். சில நாட்கள் அப்படி நடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வேளையில் அங்கே யார் வரப்போகிறார்கள்?

அன்று அவள் வந்தாள்.

எனக்கு இருமல். கம்பளித் தொப்பியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அதை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். முந்தைய வருடங்களில் நான் பாலத்தின் கோடியில்தான் உட்காருவேன். அவளுக்குத் தெரிந்த இடம் அதுதான். இந்த வருடம் எதிர்க்கரை நாணலுக்குள் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். அதை அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. பறவைகள் அப்போதுதான் தூண்களுக்கு நடுவே வந்துகொண்டிருந்தன.

லென்ஸ் வழியாக அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது. கையில் தொப்பியோடு பாலத்தின் முகப்பில் நின்று, பனிக்குள் கண்ணைச் சுருக்கித் தேடினாள். பெயரைச் சொல்லியோ, என்னங்க என்றோ ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பறவைகள் கலைந்தால் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன் என்று அவளுக்குத் தெரியும்.

நானும் குரல் கொடுக்கவில்லை. முகப்புப் பலகைகள் கெட்டியாகத்தான் இருக்கின்றன, ஆளைக் காணோம் என்றதும் திரும்பிவிடுவாள், உடம்பும் ஒல்லி என்றெல்லாம் நினைத்தேன். இத்தனையும் நினைக்க நேரம் இருந்தது. எனவே கத்தவும் நேரம் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அவள் பாலத்தின் உள்ளே நடந்தாள். பலகை முறிந்தபோது பெரிய சத்தம் இல்லை. பறவைகள் எழும்பின. இரண்டும் என்னை நோக்கி, சிறகை முழுக்க விரித்து, காலிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. என் விரல் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது. எடுக்கவில்லை.

அவை மரங்களைத் தாண்டிய பிறகு எழுந்தேன். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும் என்று லென்ஸைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். அப்புறம்தான் கரையைச் சுற்றி ஓடினேன். அவளுக்கு நீந்தத் தெரியாது. அது எனக்குத் தெரியும். ஆழம் அதிகமில்லை, சேறும் குளிரும்தான் அதிகம்.

காற்றில் கயிறு அவிழ்ந்திருக்கும் என்று உங்கள் ஆட்களிடம் சொன்னேன். மனைவியைப் பறிகொடுத்தவனை யார் துருவிக் கேட்பார்கள்? நம்பினார்கள்.

காவலாளி துக்கம் கேட்க வீட்டுக்கு வந்தார். வாசலோடு நின்றுவிட்டார். "ரெட்டை முடிச்சு போட்ட மாதிரிதான் சார் ஞாபகம். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. அம்மாவ நான்தான் கொன்னுட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"விடுங்க. உங்க மேல எனக்குக் கோபமில்ல" என்றேன்.

அவரை நீங்கள் கைது செய்த பிறகு அவர் மனைவி கடைக்கு வந்தாள். கல்லாவில் ஆள் இல்லாததைப் பார்த்துத் தயங்கி நின்றாள். "நீங்க சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் சார் அவருக்கு ஆறுதலே. நீங்க நல்லா இருக்கணும்" என்று கும்பிட்டாள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அதனால்தான் நானே வந்தேன். அவரை விட்டுவிடுங்கள். அவர் முடிச்சு நன்றாகத்தான் போட்டிருந்தார். முதல் நாள் அவிழ்க்கும்போது எனக்கு நகம் பெயர்ந்தது.

கேமராவையும் கொண்டுவந்திருக்கிறேன். அன்று எடுத்ததெல்லாம் அதில் இருக்கிறது, ஒன்றைத் தவிர. பறவைகள் போன பிறகும் விரல் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. தண்ணீருக்கு மேலே அவள் முகமும் ஒரு கையும். என்னைப் பார்த்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் படத்தை அன்று மாலையே அழித்துவிட்டேன். சாட்சியை மறைப்பதற்காக இல்லை, ஐயா. அதில் பறவை இல்லை.