புடவையைப் போர்த்திக்கொண்ட தகப்பன்

மகளுக்குக் காய்ச்சல் இறங்கிய பின், அவளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டுக் கடலூர் ஆஸ்பத்திரியிலிருந்து சிதம்பரம் திரும்பிக்கொண்டிருந்தேன். பாசஞ்சர் ரயிலில் ஏறி உட்கார்ந்தேன். எதிர் பெஞ்சில், அதே ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வீடு திரும்பும் ஒரு பெண். ஒரு பக்கம் அவள் அண்ணன், மறுபக்கம் கைக்குழந்தையோடு கணவன்.

"மாப்ளே, இனிமேயாவது என் தங்கச்சி பொடவைய அவகிட்டயே குடுத்துடுங்க," என்றார் அண்ணன்.

"என்னா பண்றது மச்சான்? இவ இல்லாம புள்ள புட்டிப்பாலத் தொடமாட்டேன்னான். இவ பொடவைய மேல போத்திக்கினு குடுத்தேன், குடிச்சான்."

"தெருவே சிரிச்சுது. ஒங்க அக்கா தலையில அடிச்சுக்கினாங்க."

"அடிச்சுக்கட்டும். அப்புறம் பொடவை இல்லாமலே எங்கிட்ட குடிக்க ஆரம்பிச்சுட்டான்."

அவள் கையை நீட்டினாள். குழந்தை அவளைப் பார்த்துவிட்டு, அப்பாவின் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"பெத்தவளையே மறந்துட்டானே," என்று அண்ணன் குழந்தையைத் தூக்கப் போனார்.

"வுடுண்ணே, அவர்கிட்டயே இருக்கட்டும்," என்றாள் அவள். "யார்கிட்டயும் ஒட்டாம அழுதுக்கினு கெடப்பானோன்னுதான் ஆஸ்பத்திரியில பயந்துக்கினே கெடந்தேன். இவர்கிட்ட ஒட்டிக்கினான் பாரு, அது போதும். நான் மெதுவா வாங்கிக்கிறேன்."

கணவன் அவள் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தான். குழந்தையின் கால் அவள் மடியில் பட்டது. அவள் அதை மெல்லப் பிடித்துக்கொண்டாள். சிதம்பரம் வரும்வரை குழந்தை காலை இழுத்துக்கொள்ளவில்லை.