ஏழாம் நம்பர் அறைக்கு முடிவுத் தேதி

இனியா: ...தினம் காலைல ஆறு மணிக்கு போன் போட்டு, நான் எழுதின புக்கிங் சாஃப்ட்வேரைத் திட்டிட்டுத்தான் காபியே குடிப்பீங்க. இன்னிக்கு நன்றின்னு ஆரம்பிக்கறீங்களே கண்ணாயிரம் சார்... ஒடம்பு சரியில்லையா?

கண்ணாயிரம்: கிண்டல் பண்ணாதம்மா. நன்றி என்னுது இல்ல. நம்ம லாட்ஜ்ல ஏழாம் நம்பர் ரூம்ல இருக்கற சந்திரகலா அம்மா உன்கிட்ட பேசணுமாம். இப்ப வந்துடுவாங்க. சரின்னு வாங்கிக்கோ, போதும்.

இனியா: எதுக்கு நன்றி?

கண்ணாயிரம்: நேத்து நீ கம்ப்யூட்டரை சரி பண்ணதுக்கு.

இனியா: நானா? நான் ஒண்ணும் தொடலையே...

கண்ணாயிரம்: மெதுவா பேசு. அவங்க வீட்டுக்காரரு பெரியாஸ்பத்திரில இருக்காரு. எப்ப அனுப்புவாங்கன்னு டாக்டருக்கே தெரியல. எது வரைக்கும் ரூம் வேணும்னு கேட்டா அந்தம்மா என்ன சொல்லுவாங்க? முடிவுத் தேதி போடலன்னா உன் சாஃப்ட்வேர்ல அந்தக் கட்டம் ஏத்துக்கல. அதான்... பௌர்ணமிக்கு மொத நாள்னு ஒரு தேதி விழுந்துடுச்சு.

இனியா: விழுந்துடுச்சா?

கண்ணாயிரம்: ம்... அன்னிக்கு காலி பண்ண வேண்டியதாப் போச்சு. ரெண்டு நாளு ஆஸ்பத்திரி வராண்டால பையோட ஒக்காந்திருந்தாங்க. நேத்துதான் திரும்பக் கூட்டியாந்தேன்.

இனியா: சார், 'இந்தத் தேதிலருந்து இந்தத் தேதி வரைக்கும்'ங்கறதை டேட்டாபேஸ் ஒரே துண்டா வெச்சுக்கும். அந்தத் துண்டை நம்ம புரோகிராம் புரிஞ்சுக்கத்தான் லைப்ரரின்னு ஒரு சின்ன துணை புரோகிராம் எழுதினேன். ஒரே ரூமுக்கு ரெண்டு பேரோட தேதித் துண்டு மோதினா விடாது. முடிவு தெரியலன்னா... முடிவை காலியா விட்டுடலாம். சாஃப்ட்வேர் போட்ட நாள்லருந்தே அப்படித்தான்.

கண்ணாயிரம்: அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?

இனியா: போன மாசம் மூணாம் நம்பர்ல தங்கின வெளிநாட்டுக்காரருக்கு நீங்களே காலியா விட்டிருக்கீங்களே. காவக்காரன் தூங்கிட்டு, வேலிதான் தூங்கிடுச்சுன்னு சொன்ன கதையால்ல இருக்கு.

கண்ணாயிரம்: ...வந்துட்டாங்க. ஸ்பீக்கர்ல போடறேன். அம்மா, பேசுங்க.

சந்திரகலா: பாப்பா, நல்லா இருப்பே. ரூம் திரும்பக் கெடச்சிடுச்சுன்னு நேத்து அவருகிட்ட சொன்னேன். என்னை நெனச்சு சரியாவே சாப்புடாதவரு, ரெண்டு இட்லி சாப்ட்டாரு. எனக்காக இந்தத் தம்பி உன்கிட்ட சண்டை போட்டு மிஷினை மாத்த வெச்சாராமே. எங்க ஊர்ல கூட யாரும் இவ்ளோ பண்ண மாட்டாங்க...

இனியா: அம்மா... இந்த நன்றி எனக்கு சேராது. சார், நீங்க பேசுங்க.

சந்திரகலா: ஏன் தம்பி, என்ன ஆச்சு? மொகம் ஏன் இப்படி...

கண்ணாயிரம்: மிஷின் ஒண்ணும் பண்ணலம்மா. என் மச்சான் குடும்பம் கிரிவலத்துக்கு வந்து ரூம் கேட்டாங்க. அந்தத் தேதியை நான்தான் போட்டேன்... போட்டுட்டு பழியை கம்ப்யூட்டர் மேல தள்ளிட்டேன். நேத்து உங்களைக் கூட்டியாந்தேனே, அப்பவும் அடுத்த பௌர்ணமிக்கு மொத நாளைத்தான் போட்டு வெச்சேன். இதோ, நீங்களே பாருங்க... அழிச்சிட்டேன். உங்க வீட்டுக்காரரு கொணமாகி வர்ற வரைக்கும் இந்தக் கட்டம் காலியாவே இருக்கும். என்னை மன்னிச்சிடுங்கம்மா.