லீடு கிட்டார்: சிவசைலம்

ஒரு கிட்டார் பிட்டைக் கற்றுக்கொள்ள எனக்கு இருபத்தோரு நாள் ஆகும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள் ஐயா. இங்கிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

நான் கூட்டுறவு பண்டகசாலையில் குமாஸ்தா. பன்னிரண்டு வருடமாகக் காஜா முகைதீன் அண்ணாச்சியின் மெல்லிசைக் குழுவில் லீடு கிட்டார் வாசித்து வந்தேன். சினிமாப் பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே கிட்டார் தனியாக ஓடுகிற இடத்தைத்தான் பிட்டு என்போம். கேசட்டில் இருப்பது போலவே மேடையிலும் அது வர வேண்டும். நான் டேப் ரெக்கார்டரில் இரண்டு விநாடி ஓட்டி நிறுத்துவேன். எந்தக் கம்பியில் எந்தக் கட்டத்தில் விரல் வைக்க வேண்டும் என்று நோட்டில் எழுதுவேன். மறுநாள் சிவப்பு மையில் சரிபார்ப்பேன். பிறகு அடுத்த இரண்டு விநாடி. நான் முடிக்கும்போது சில பாட்டுகள் பழசாகியிருக்கும். அது பாட்டின் குறை.

தொண்ணூற்று நாலில் நேசையா வந்து சேர்ந்தான். பாளையங்கோட்டைக்காரன், இருபத்தாறு வயது, சர்ச்சில் கீர்த்தனைகளுக்கு வாசித்துப் பழகியவன். அந்த வருடம் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழா. வெள்ளிக்கிழமை வெளியான படத்தின் பாட்டைச் செவ்வாய்க்கிழமைக் கச்சேரியில் பாடியே ஆக வேண்டும் என்று கொடைக் கமிட்டி ஒற்றைக்காலில் நின்றது. போகிற வழியில் வேனை நிறுத்தினோம். அதே பாட்டு டீக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏலே நேசையா, இந்தப் பிட்டு வருமாலே?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"வரும் அண்ணாச்சி. இன்னொருக்கா போடச் சொல்லுங்க."

கடைக்காரர் இன்னொருமுறை போட்டார். நேசையா டீயைக் குடித்து முடித்தான், வேனிலிருந்து கிட்டாரை எடுத்தான், வாசித்தான். நான் அப்போதுதான் நோட்டில் புதுப் பக்கம் எடுத்துத் தேதி போட்டிருந்தேன்.

"சிவசைலம், நீரு பின்னால நின்னு பைய ரிதம் புடியும் வே. லீடு அவன் பாத்துக்கிடட்டும்" என்றார் அண்ணாச்சி.

அடுத்த கச்சேரி நோட்டீசில் லீடு கிட்டார் என்ற இடத்தில் அவன் பெயர் இருந்தது. என் பெயர் 'மற்றும் குழுவினர்' என்பதற்குள் அடங்கிவிட்டது. அன்று வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவன் மேல் பொறாமை என்று நீங்கள் நினைக்கக் கூடாது. பொறாமைப்படுகிற குணம் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது. உழைக்காமல் வருவது நிலைக்காது என்று அவனுக்கு யாராவது உணர்த்த வேண்டியிருந்தது. அண்ணாச்சி அதைச் செய்யவில்லை.

நேசையாவிடம் கர்வம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். "அண்ணே, நோட்டை வச்சிருங்க. காதுல விழுதத அப்படியே கை செஞ்சிரும். நான் சொல்லித் தாரேன்" என்பான். எனக்குச் சொல்லித் தருகிறானாம்.

ஆடி மாதம் கச்சேரி முடிந்து திரும்பும்போது எல்லோரும் பாபநாசத்தில் அருவிக்குப் போய்க் குளித்தோம். மறுநாள் அவன் என் வீட்டுக்கு வந்தான். வலது காதில் தண்ணீர் போய்க் குடைகிறதாம். எண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சி ஊற்றினால் சரியாகும் என்று எல்லா வீட்டிலும் சொல்வதுதானே. ஊற்றிவிடச் சொல்லிக் கேட்டான். காய்ச்சினேன். சூடு ஆறிவிட்டதா என்று நம் கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது வழக்கம். நான் விட்டுப் பார்க்கவில்லை. கிட்டார் வாசிக்கிற கை அது, அதை நான் பாதுகாக்க வேண்டும்.

அவன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். அது எந்தச் சுரம் என்று அவனிடம் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பான். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது நான்தான். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காது போய்விட்டது. இனிமேல் அவனுக்கும் நோட்டு வேண்டியிருக்கும், என் அருமை தெரியும் என்று நினைத்தேன். ஆனால் அவன் கோழி பார்ப்பது போலத் தலையைச் சாய்த்து, இடது காதை ஸ்பீக்கரில் வைத்து, பழைய வேகத்திலேயே கற்றுக்கொண்டான். ஒரு காது இருந்தால் கவனம் சிதறாது என்று அண்ணாச்சி என்னிடமே வியந்து சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து இடது காதிலும் வலி வந்தது. நான் கூப்பிடவில்லை ஐயா, அவனாகவே வந்தான். என் வாடிய முகத்தைப் பார்க்கத் தனக்குச் சங்கடமாக இருக்கிறது என்றான்.

"கைதவறி நடந்ததுக்கு நீங்க எதுக்கு அண்ணே மனசுல போட்டு உழப்புதீய? இதுக்கும் நீங்கதான் ஊத்தணும். அப்பதான் உங்களுக்கும் மனசு ஆறும்."

என் மனம் ஆறுவதற்காக அவன் பாயில் ஒருக்களித்துப் படுத்தான். அடுப்பை அணைக்காமலே கரண்டியில் எடுத்தேன். இந்த முறை கைதவறவில்லை. முந்தின முறையும் தவறவில்லை. எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

மறுபடியும் நான் லீடு ஆனேன். தை மாதம் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. இருபத்தோரு நாள் உழைத்து ஒரு பிட்டைத் தயார் செய்திருந்தேன். எங்கள் தெருவில் அந்த மாதம் கரண்டு சரியில்லாததால் பேட்டரி போட்டுத்தான் கேசட் கேட்டேன். பேட்டரி தளர்ந்தால் டேப் மெதுவாக ஓடும், சுரமும் அரைக்கட்டை இறங்கிவிடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மேடையில் குழு ஒரு சுருதியில் போனது, நான் அரைக்கட்டை கீழே போனேன். அண்ணாச்சி பாடும் மும்முரத்தில் இருந்தார். எழுநூறு பேர் கை தட்டினார்கள்.

முதல் வரிசையில் நேசையா உட்கார்ந்திருந்தான். பேஸ் கிட்டார்காரர் விரலைப் பார்த்தான், என் விரலைப் பார்த்தான். பிறகு ஒரு விரலை உயர்த்தி, ஒரு கட்டம் மேலே போகும்படி ஜாடை காட்டினான். காதுள்ள ஒருவருக்கும் தெரியாதது அவனுக்குத் தெரிந்துவிட்டது. நான் மேலே போனேன். பிட்டு சரியாகச் சேர்ந்தது. அவன் சிரித்தான், அவ்வளவு சந்தோஷமாக. என் வாழ்நாளில் அப்படி ஓர் அவமானம் பட்டதில்லை.

அவனுடைய அக்கா கிரேஸ் டீச்சர்தான் புகார் கொடுத்திருக்கிறார். தண்ணீர் போனதால் வந்த கேடு இல்லை, சுட்ட காயம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாராம். டாக்டர் சொன்னது சரிதான். ஆனால் இன்று காலை நேசையா இதே ஸ்டேஷன் வாசலில் நின்று சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். தன் குரல் தனக்குக் கேட்காததால் இப்போது அவன் சத்தமாகத்தான் பேசுகிறான்.

"எங்க அண்ணன் அப்படிச் செய்ய மாட்டாவ! அக்காவுக்கு விவரம் பத்தாது!"

போகும்போது என்னிடம் வந்து, நாலு நாளாகக் கண் உறுத்துகிறது, வாசிக்கிறவர்களின் விரலை உற்று உற்றுப் பார்ப்பதால் இருக்கும் என்றான். விளக்கெண்ணெய் விட்டால் குளிர்ச்சி என்கிறார்களே, விட்டுவிடுவீர்களா என்று கேட்டான். நான் தலையசைத்தேன். நாளை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறான்.

எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். நாளைக் காலையில் என்னை விட்டுவிட்டால் நல்லது ஐயா. என்னை விட்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?