மாதிரி ஊருக்கு வந்த புதுப் பலகைகள்

— கையைக் கழுவிட்டு வாங்க. பெயிண்ட் நாத்தத்தோட சாப்பிட உட்காராதீங்க. என்ன, மேயர் இன்னிக்கு வாயே திறக்கக் காணோம்?

— சன்னலைச் சாத்து.

— பட்டப்பகல்ல எதுக்குங்க? சரி, சரி, முறைக்காதீங்க. சாத்தியாச்சு. புதுப் பலகை வந்துடுச்சா?

— வந்துவிட்டது. பழையவற்றைக் கழற்றி லாரியில் ஏற்றியாயிற்று.

— அப்ப தீவுக்காரங்க கதை முடிஞ்சுதா? போன வாரம் வரைக்கும் அவங்க பாவாடையைக் கட்டிக்கிட்டு, வெள்ளை வட்டம் போட்ட கதவைச் சிப்பாய்ங்க உதைக்கிறப்பெல்லாம் நடுத்தெருவுல விழுந்து புரண்டேனே! அவங்க பாஷையில ஒப்பாரிகூட மனப்பாடம் பண்ணினேன். அத்தனையும் வீணா?

— சமாதானப் பேச்சு தொடங்கிவிட்டது. இனி அவர்கள் நண்பர்கள்.

— வீட்டுக்குள்ளயும் என்ன மேடைப் பேச்சு? பட்டாளத்துக்காரன் சிப்பாய்ங்க சண்டை பழகப் பொய்யா ஒரு ஊரைக் கட்டி, உங்களைப் பொய்யா மேயராக்கினாலும் ஆக்கினான், உங்க நாக்கு நிஜமாவே மேயராயிடுச்சு. நாம இந்த நாட்டுக்குப் பிழைக்க வந்த புதுசுல வடக்கே இருக்கிற நாட்டுக்காரன்தான் இவங்களுக்கு ஜென்ம விரோதி. எனக்கு முக்காடு, உங்களுக்கு ஒட்டுத்தாடி. இப்ப அந்த வடக்கத்திச் சிப்பாய்ங்களே விருந்தாளியா வந்து இங்க பயிற்சி எடுக்கிறாங்க. போன மாசம் ஒருத்தன் "எங்கம்மா மாதிரியே அழறீங்க"ன்னு கைகுலுக்கிட்டுப் போறான்!

— சிரிப்பு வரவில்லை.

— நீங்க சிரிக்கணும்னுதான் சொல்றேன். சரி, அடுத்து யாராம்? தையல் பட்டறையில துணியே தரலை. "புதுசா ஒண்ணும் தைக்க வேண்டாம், உன் வீட்டுல இருக்கிற பழைய துணியையே உடுத்திட்டு வா"ன்னுட்டான் ஸ்டோர்க்காரன். கஞ்சப்பய.

— அது கஞ்சத்தனம் இல்லை. உனக்கு இன்னுமா விளங்கவில்லை?

— என்ன விளங்கணும்?

— இத்தனை வருடமும் அந்த அந்நிய எழுத்துப் பலகைகளைப் படம் மாட்டுவதுபோலத்தான் மாட்டினேன். ரொட்டிக்கடையா, சவப்பெட்டிக் கடையா, ஒன்றும் தெரியாது. இன்று பெட்டியைப் பிரித்த மாத்திரத்தில் வாசித்துவிட்டேன்.

— நம்ம எழுத்தா?

— மெதுவாகப் பேசு.

— நேத்துத்தானே டிவியில இவங்க மந்திரியும் நம்ம மந்திரியும் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க!

— இவர்களுடைய கோபம் முதலில் செய்தித்தாளுக்கு வருவதில்லை. நம்முடைய தச்சுப் பட்டறைக்குத்தான் வருகிறது. தீவுக்காரர்களுக்கு நிவாரணக் கப்பல் அனுப்பிய அதே வாரத்தில்தானே அவர்கள் பலகைகளும் இங்கே வந்திறங்கின? கட்டிப்பிடிப்பது கடைசியாகத்தான் நிற்கும்.

— நாம இவங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினோம்?

— நம் நாட்டுத் துறைமுகத்தை நம் அரசு இவர்களுக்கு ஆகாத நாட்டுக்குக் குத்தகைக்கு விடப்போகிறதாம். முன்பு இதே துறைமுகத்துக்காகத்தான் நமக்குக் கோதுமையும் பள்ளிக்கூடமும் கொடுத்தார்கள்.

— பலகையில எந்த ஊரு?

— கேட்காதே.

— எந்த ஊருங்க?

— சதுக்கம். தபால் நிலையம். பல் வைத்தியர் வீட்டு வளைவுப் படி. அதற்கு நேர் எதிரே மூலையில் ஒரு மாடி வீடு, கீழே மருந்துக்கடை. நம் மாப்பிள்ளை கடையின் பெயர்ப்பலகையை என் கையாலேயே ஆணியடித்து மாட்டினேன்.

— பாவி மனுஷா! மாட்டினீங்களா?

— பிடுங்கி எதிர்வீட்டில் அடித்துவிடலாமா என்று ஏணிமேல் நின்று யோசித்தேன். தப்பான வீட்டையே பழகிக்கொண்டு போகட்டும் என்று தோன்றியது. நீ அடித்திருப்பாயா?

— எதிர்வீட்டுல பல் வைத்தியர் மருமகளுக்குக் கைக்குழந்தை...

— அதனால்தான் இருந்த இடத்திலேயே விட்டேன்.

— கதவு? கதவுல ஏதாச்சும்...

— அந்த மாடியிலிருந்து பார்த்தால் சதுக்கம் முழுவதும் தெரிகிறதாம். முதலில் பிடிக்கவேண்டிய வீடு அதுதான் என்றார்கள். வட்டம் போடச் சொன்னார்கள், போட்டேன். என் கையில் இருக்கிறதே, இது அந்த வெள்ளைதான்.

— போனை எடுங்க.

— பொறு. ஒட்டுக்கேட்பார்கள். பலகையில் எந்த ஊர் என்று வெளியே ஒரு வார்த்தை கசிந்தால் சிறை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

— கசிய விடமாட்டேன். நான் சாகக் கிடக்கிறேன்னு சொல்லி வரவழைக்கிறேன். எனக்கா அழத் தெரியாது? எடுங்கன்னா! ...அலோ, பாப்பா?

— அம்மா! என்ன இந்த நேரத்துல? வேலைக்குப் போகலையா?

— எனக்கு முடியலடி பாப்பா. நெஞ்சைப் பிசையுது. டாக்டர் கைவிரிச்சுட்டார். கடையைப் பூட்டிப் போட்டுட்டு, மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு இன்னிக்கே கிளம்பிடு. உன் முகத்தை ஒருதரம் பார்த்துட்டா நிம்மதியாக் கண்ணை மூடிடுவேன்...

— போதும்மா, போதும்! இதையெல்லாம் சிப்பாய்ங்ககிட்ட வச்சுக்கோ. நான் வந்திருந்தப்ப சமையலறையில ஒத்திகை பார்த்தியே, அச்சு அசலா அதே அழுகை! அன்னிக்கு நான் கைதட்டினேனே, மறந்துட்டியா?

— ஐயோ, நிஜமா அழறேன்டி!

— நிஜமா மனசு கெட்டுச்சுன்னா நீ அழவே மாட்டே, வாய மூடிக்கிட்டு பாத்திரம் தேய்ப்பே. என்கிட்டயேவா?

— இந்தா, அப்பாகிட்டயே கேளு. சொல்லுங்களேன், மரம் மாதிரி நிக்கிறீங்களே!

— பாப்பா, அம்மா சொல்வதைக் கேள். உடனே புறப்பட்டு வா.

— மேயர் சாட்சியா? நீங்களுமாப்பா? என்னைப் பார்க்கணும்னா நேராச் சொல்லுங்க. இப்ப நகரவே முடியாது. நீங்க இருக்கிற நாட்டுக்காரங்க புண்ணியத்துல இங்க ஊரே கல்யாண வீடாட்டம் இருக்கு. வீட்டுக்கு வீடு இலவசமாத் தண்ணிக்குழாய் போட்டுத் தர்றாங்களாம். சந்து பொந்து விடாம அளக்கிறாங்க. நேத்து நம்ம மாடிக்கு ஏறிச் சதுக்கத்தை எவ்வளவு நேரம் படம் பிடிச்சாங்க தெரியுமா? தங்கமான பசங்க. உங்க மருமகன் அவங்களுக்கு டீ போட்டே ஓஞ்சு போயிட்டார்.

— பாப்பா... நம் வாசற்கதவு எப்படி இருக்கிறது?

— அட, அதுக்குள்ள உங்களுக்கு யார் சொன்னது? ஊர்லயே முதல் இணைப்பு நமக்குத்தானாம்ப்பா! அடையாளத்துக்கு இப்பத்தான் கதவுல வெள்ளையா ஒரு வட்டம் போட்டுட்டுப் போறாங்க, பெயிண்ட்கூட இன்னும் காயலை.