பிரென்னர் விற்ற பிக்கப்

அன்றிரவு அந்த வானுக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். ஸ்டியரிங்குக்கு முன்னால் ஸ்ரீஸ்கந்தராஜா, வானின் சொந்தக்காரர். பக்கத்தில் ஸ்ரனிஸ்லாஸ், எதையும் லேசில் நம்பாதவர். பின் இருக்கையில், போர்வைக்குள், சிவசக்தி. கல்யாண வீட்டிலிருந்து திரும்பும் வழியில் நெடுஞ்சாலை ஓரத்தில் வான் நின்றுவிட்டது. இழுத்துப் போகும் வண்டி வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். ஹீற்றர் இல்லை. கண்ணாடியெல்லாம் மூச்சுப் படிந்து வெளுத்திருந்தது.

பழைய வண்டி வாங்காதே என்று தான் அப்போதே சொன்னதாக ஸ்ரனிஸ்லாஸ் தொடங்கினார். பழைய வண்டி என்றால் தன்னிடம் ஒரு கதை இருக்கிறது என்றார் சிவசக்தி. அவருடைய கணவரின் தம்பி ஐங்கரனுக்கு நடந்தது. போன வருடம்.

நவம்பர் மாதம். பின்னேரம் நாலரை மணி. கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து தெற்கே, மலைக்காட்டுக்குள் ஏறும் ஒற்றைப் பாதை. இருட்டிவிட்டது. எதிரே ஒரு வண்டி இல்லை. ஐங்கரன் காரின் பின்னால் வாடகை ட்ரெய்லர் ஒன்று வெறுமையாகக் கிலுங்கிக்கொண்டு வந்தது...

பதினொரு வருடம் பொதிக் களஞ்சியத்தில் இரவு வேலை செய்தவன் அவன். அதை அந்த மாதம்தான் எழுதிக் கொடுத்து விட்டிருந்தான். இனிப் பழைய அமெரிக்க வண்டிகளை வாங்கி விற்கப் போகிறான். இது முதல் வண்டி. இது சரிவராவிட்டால் திரும்பவும் பொதி ஓடும் அந்த பெல்ட்டுக்கு முன்னால் போய் நிற்க வேண்டியதுதான். அதைவிடச் சாகலாம் என்று மனைவி கஜந்தியிடம் சொல்லியிருந்தான்.

ஆனால் சந்தேகம் வழி முழுக்கக் கூடவே வந்தது. விளம்பரத்தை அவன் பார்த்தது தமிழ்க் கடையில். சேலை மலிவு விற்பனைக்கும் நடன வகுப்புக்கும் நடுவில் ஒட்டியிருந்தது. 1956ஆம் ஆண்டு ஷெவ்ரொலே பிக்கப், முழுவதும் புதுப்பித்தது. மேலே 'விற்பனைக்கு' என்று தமிழில், எழுத்துத் தெரியாத ஒருவர் பார்த்துக் கீறியதுபோல. காட்டுக்குள் இருக்கிற ஜெர்மன்காரன் தமிழ்க் கடையில் ஏன் வண்டி விற்கிறான்? களவெடுத்த வண்டியோ... இவங்களுக்கு என்ன தெரியும் என்ற நினைப்போ...

விளம்பரம் போட்ட பிரென்னர் எழுபது வயது மனிதர். மர ஆலைபோல ஒரு பெரிய கொட்டில். விளக்கைப் போட்டார். நடுவில் பிக்கப் நின்றது. ரத்தச் சிவப்பு. கீழே பதித்து இறக்கிய உடல். முன்னால் குரோமியம், முகம் பார்க்கலாம். பின்னால் புதுத் தேக்குப் பலகை.

அவன் மயங்கவில்லை. வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த பிள்ளையார் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தான். துருத் துளையைப் புட்டிப் பசையால் அடைத்து மேலே வர்ணம் அடித்திருந்தால் அந்த இடத்தில் காந்தம் ஒட்டாது. கதவு, மட்காட், கூரை... எல்லா இடமும் பிள்ளையார் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே படுத்து டோர்ச் அடித்தான். திருப்புளியால் சட்டத்தைக் குத்தினான். இரும்பு இரும்பாகவே இருந்தது. அடிச்சட்ட இலக்கமும் பத்திரமும் ஒத்துப் போயின. எஞ்சின் முதல் தரத்திலேயே பிடித்தது.

ஒரு குறையும் இல்லை. அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

கொட்டில் மூலையில், மரக் கதிரையில், ஒரு கிழவி இருந்தார். சாம்பல் நிற வேலை அங்கி. மடியில் இரண்டு கை. அந்தப் பக்கம் போனபோது ஓடிக்கொலோன் மணத்தது... காய்ச்சலுக்கு நெற்றியில் போடுவோமே, அந்த மணம். கூடவே பெற்றோல். ஐங்கரன் தலையை ஆட்டி வணக்கம் சொன்னான். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிரென்னர் ஒரு தரமும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் நடக்கும்போது கதிரையைச் சுற்றித்தான் நடந்தார்.

"செத்த மனிசியோ?" என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

"நான் கேக்கேல்லை. நீங்கள் போய்க் கேளுங்கோ," என்றார் சிவசக்தி.

கையெழுத்து முடிந்தது. பிக்கப்பை ட்ரெய்லரில் ஏற்றிக் கட்டினார்கள். வண்டித் திறப்பை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தவன், கிழவியிடம் சொல்லாமல் போவது சரியில்லை என்று திரும்பினான். நாங்கள் எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னான், ஜெர்மன் மொழியில். போய் வருகிறேன், ஒரு நாளைக்கு எங்கட வீட்டுப் பக்கம் வாருங்கள்.

எங்களில் யாராவது அப்படிச் சொன்னால் மற்றவர் ஓம், வாறம் என்பார். அதோடு முடிந்தது. கிழவி அப்படி முடிக்கவில்லை.

"எப்ப?" என்று கேட்டார்.

ஐங்கரன் வாயில் வந்ததைச் சொன்னான். சனிக்கிழமை, நாலு மணி. விலாசம் என்ன என்றார். அதையும் சொன்னான்.

பின்னால் நின்ற பிரென்னர் அவன் முழங்கையைப் பிடித்தார். "அவ என்ன சொன்னவ? வாறன் எண்டவவோ?"

ஓம் என்றதும் அந்த மனிதர் முழங்கையை விட்டார். கார் கிளம்பியபோது ஐங்கரன் பக்கக் கண்ணாடியில் பார்த்தான். பிரென்னர் அந்த மரக் கதிரையை வெளியே தூக்கிவந்து கோடரியால் கொத்திக்கொண்டிருந்தார். கதிரை வெறுமையாக இருந்தது...

சனிக்கிழமை. மூன்று ஐம்பத்தொன்பதுக்குப் படிக்கட்டு விளக்கு எரிந்தது. நாலுக்கு மணி அடித்தது. ஐங்கரன் கதவைத் திறந்தான். ஒருவரும் இல்லை. மேல்வீட்டுப் பெடியளின் சேட்டை என்று நினைத்தான். நெடுநேரம் திறந்துவைத்துக்கொண்டு நின்று எட்டிப் பார்த்தான். பிறகு சாத்தினான்.

குசினியிலிருந்து கஜந்தி யாரென்று கேட்டாள். ஒருவரும் இல்லை என்றான். "பின்னை ஆர் சோபாவிலை இருந்து செருமுறது?" என்றாள் அவள்.

அன்றிலிருந்து அந்த மணம். கர்ட்டினில், தலையணையில், சோற்றுப் பானைக்குள்ளும்கூட. சோபாவின் ஒரு மூலை எப்போதும் பதிந்தே கிடந்தது. கை வைத்தால் குளிர். கஜந்திக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. புருஷனில்தான் சந்தேகம். எவளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறாய் என்று மூன்று நாள் கேட்டாள். நான்காம் நாள் உடுப்பை அடுக்கிக்கொண்டு டோர்ட்முண்டில் தமக்கை வீட்டுக்குப் போனாள்.

வண்டியோடு வந்தது வண்டியோடு போகும் என்று ஐங்கரன் கணக்குப் போட்டான். பிக்கப்பைக் கழுவி, படம் எடுத்து, விளம்பரம் போட்டான். இரண்டாம் கிழமையே ஒரு பல் வைத்தியர் வந்து, கண் கலங்கி, வாங்கிக்கொண்டு போனார். நல்ல விலை. அவன் நினைத்த தொழில் ஓடத் தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தான்.

ஓடிக்கொலோன்...

அங்கேயே நின்று பிரென்னருக்கு ஃபோன் அடித்தான். அவர் மறைக்கவில்லை. அவருடைய முழங்காலைப் பார்த்த தாதி ஒரு தமிழ்ப் பிள்ளையாம். எங்கட ஆக்கள் வீட்டுக்கு வாங்கோ என்று சொல்லாமல் ஓரிடத்திலிருந்தும் போகமாட்டார்கள் என்று அவள்தான் பேச்சோடு பேச்சாகச் சொன்னாளாம். அதற்கு முன் வண்டி பார்க்க வந்தவர்கள் இருபத்தாறு பேர். எல்லோரும் ஜெர்மன்காரர். ஒருவரும் கிழவியை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. அதுதான் தமிழ்க் கடையில் ஒட்டினாராம்.

"வண்டியை வித்துப்போட்டன். அவ போகேல்லை," என்றான் ஐங்கரன்.

"நீங்கள் வண்டிக்கோ வரச் சொன்னீங்கள்? வீட்டுக்கெல்லோ."

பிறகு அந்த இலக்கம் எடுபடவில்லை.

"போ எண்டு சொல்லியிருக்கலாமே?" ஸ்ரீஸ்கந்தராஜா மெதுவாகக் கேட்டார்.

"தானே கூப்பிட்ட வயசான மனிசியை என்னண்டு போ எண்டு சொல்லுறது?" என்றார் சிவசக்தி. "வாய் வரேல்லையாம். ரண்டு தரம் முன்னாலை போய் நிண்டவன். தேத்தண்ணி வேணுமோ எண்டுதான் கேட்டானாம்."

பகலில் எப்படியோ சமாளித்தான். இரவில் முடியவில்லை. படுத்தால் அடுத்த அறையில் அங்கி உரசும். மூன்று மணிக்கு ஒரு செருமல்... அவன் படுக்கையறைக் கதவுக்கு மிகக் கிட்ட. ஒன்பது இரவு அப்படி. பத்தாம் நாள் களஞ்சிய மேற்பார்வையாளருக்கு எழுதினான். இரவு வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் வருகிறேன், எந்த பெல்ட் என்றாலும் சரி. உடனே வரச் சொன்னார்கள்.

முதல் இரவு. ஒன்பதேகால். இரும்பு மூக்குச் சப்பாத்தை மாட்டி, சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு, சோபா பக்கம் பாராமல் வெளியே வந்தான். கதவை இழுத்துச் சாத்தினான். திறப்பை எடுக்கச் சட்டைப் பைக்குள் கை விட்டான்.

கை பைக்குள்ளேயே இருந்தது... கதவுக்கு உள்ளே, பூட்டு ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு இன்னொரு சுற்று.