கதவிடுக்கில் அடைத்த சாக்கு

சங்கு ஊதுகிறது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஊதுகிறது. அப்படி ஊதினால் விமானம் வருகிறது. ஒரே குரலில் நீளமாக ஊதினால் ஆபத்து நீங்கிவிட்டது. தாராவியில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட இப்போது இந்த வித்தியாசம் தெரியும்.

செவ்வாய்க்கிழமை. விளக்கு வைக்கிற நேரம். மழை. சந்தில் எல்லோரும் ஓடுகிறார்கள். வாளிகள் உருள்கின்றன. நானும் என் கொழுந்தன் செல்வமும் மட்டும் வாசலில் நிற்கிறோம். எங்கள் நடுவில் அடுப்பு எரிகிறது.

"ஏ பேச்சி! தீ தெரியுது! அமத்து! அமத்து!"

எதிர்வீட்டு இசக்கியண்ணன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கத்துகிறார். எங்கள் சந்துக்கு அவர்தான் காவல். சங்கு ஊதிவிட்டால் ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது.

சண்டை எல்லையில்தான் தொடங்கியது. எங்களிடம் முதலில் வந்தது குண்டு இல்லை. சிலிண்டர் வராமல் போனதுதான் வந்தது. நாங்கள் இட்லி அவித்து மாட்டுங்காவில் விற்கிற குடும்பம். அடுப்பு எரியாவிட்டால் எங்களுக்கு ஒன்றுமே இல்லை. முதலில் விறகு எரித்தோம். விறகு என்ன விறகு! பெட்டிப் பலகை, உடைந்த கட்டில், பெயின்ட் அடித்த கதவு. எல்லாம் மழையில் ஊறியது. ஊதி ஊதி நெஞ்சு வலித்தது. கண் வீங்கியது. சந்து முழுவதும் இருமல். புகைதான் எங்கள் எதிரி என்று நினைத்தோம்.

பிறகு செல்வம் ஒரு சிகடி கொண்டுவந்தான். இரும்பு வாளியில் ஓட்டை போட்ட கரியடுப்பு. வாசலில் வைத்துப் பற்றவைத்தால் கொஞ்ச நேரம் புகையும். அப்புறம் கரி சிவந்துவிடும். புகை இல்லை, கண் எரிச்சல் இல்லை. அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன்.

அந்தச் சிகடிதான் இப்போது வாசலில் எரிகிறது. நான் தண்ணீர்ச் செம்பை எடுக்கிறேன்.

"ஊத்தாதீய மைனி! இனி கரி எங்க கெடைக்கும்? உள்ள தூக்கிருவோம்!"

தூக்கிவிட்டான். கைப்பிடியில் சாக்கைச் சுற்றிப் பிடித்து ஒரே மூச்சில் உள்ளே வைத்தான். கதவைச் சாத்தினான். சன்னலில் கறுப்புத் துணி ஏற்கெனவே ஆணியடித்திருந்தது. கதவுக்கு அடியில் ஒரு விரல் இடுக்கு. அதில் சிவப்பு தெரியும் என்று அந்தச் சாக்கையே மடித்து அடைத்தான். அம்பர்நாத்தில் டின்னுக்கு மூடி போடுகிற கம்பெனியில் அவனுக்கு வேலை. காற்றுப் புகாமல் அடைக்கத் தெரிந்தவன். அன்றைக்கும் ஒழுங்காக அடைத்தான்.

ஷிப்ட் முடிந்து வந்த அலுப்பு. ஏணியில் ஏறி, மேலே பலகை போட்ட தட்டில் படுத்துக்கொண்டான். தகரக் கூரை அவன் மூக்கை இடிக்கும். அவ்வளவு தாழ்வு. என் வீட்டுக்காரர் கரி தேடி டோம்பிவிலி போயிருந்தார். ரயிலை நிறுத்திவிட்டார்கள். குர்லாவில் மாட்டிக்கொண்டார்.

நான் சோற்றுப் பானையைச் சிகடியில் ஏற்றுகிறேன். தூரத்தில் இரண்டு முறை திம், திம். குண்டா இடியா, இன்றுவரை தெரியாது. உலை கொதிக்கிறது. தலை வலிக்கிறது. பசி என்று நினைக்கிறேன். பயம் என்று நினைக்கிறேன்.

"செல்வம், முழிச்சிருக்கியா?"

"தல வலிக்கு மைனி."

அவ்வளவுதான் சொன்னான். அவன் பேசிய கடைசி வார்த்தை அது. நான் அதைக் கேட்டு, சாப்பிட்டால் சரியாகும் என்று நினைத்துக்கொண்டு அகப்பையால் கிண்டினேன். அகப்பை கையிலிருந்து விழுகிறது. குனிந்தால் எழ முடியவில்லை. மறுபடி கூப்பிடுகிறேன். பதில் இல்லை. குறட்டையும் இல்லை.

தவழ்ந்து போகிறேன். சாக்கைப் பிடுங்குகிறேன். கதவைத் திறக்கிறேன். மழைக்காற்று முகத்தில் அடிக்கிறது. அடுப்பின் சிவப்பு சந்தெல்லாம் விழுகிறது.

"தர்வாஜா பந்த் கரோ!"

"கதவச் சாத்துளா! எல்லாரையும் கொல்லப் போறியா!"

விசில். ஓடிவரும் கால்கள். யாரோ கதவை வெளியிலிருந்து தள்ளிச் சாத்துகிறார்கள். நான் உள்ளிருந்து தள்ளுகிறேன். அவர்கள் வெளியிலிருந்து தள்ளுகிறார்கள். தாழ்ப்பாள் பிய்ந்து கையோடு வந்துவிட்டது. எனக்குக் கத்த வரவில்லை. ஐயோ, அந்த நேரத்தில் குரல் எங்கே போனதோ. வெளிச்சம் இருக்கும்வரை கதவைத் திறக்க விடமாட்டார்கள் என்று மட்டும் புரிந்தது. பானையை அப்படியே சிகடிமேல் கவிழ்த்தேன். சுர்ரென்று ஒரு சத்தம். ஆவி. தீய்ந்த சோற்று நாற்றம். இருட்டு.

இப்போது கதவு திறக்கிறது. இசக்கியண்ணன்.

"என்னளா ஆச்சு?"

மேலே கை காட்டினேன். அவரே ஏறினார். அவரே தோளில் போட்டு இறக்கினார். மழையில் கிடத்தினோம். கன்னத்தில் தட்டினோம். மின்னல் வெளிச்சத்தில் பார்த்தேன், செல்வத்தின் முகம் நன்றாகச் சிவந்திருந்தது, நல்ல தூக்கத்தில் இருப்பதுபோல. அதைப் பார்த்து நான் நம்பினேன். கைவண்டியில் போட்டு இருட்டில் தள்ளிக்கொண்டு ஓடினோம். பெரிய ரோட்டில் ஏறும்போது சங்கு ஒரே குரலில் நீளமாக ஊதியது. ஆபத்து நீங்கியது என்றது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் கண்ணைத் திறந்து பார்த்தார். மூடிய அறையில் கரி எரிந்ததா என்று கேட்டார். கரியிலிருந்து ஒரு விஷவாயு வருமாம். நிறம் இல்லை, வாசனை இல்லை. புகையாவது கண்ணைக் குத்தி ஆளை வெளியே விரட்டும். இது விரட்டாது. அறை முழுக்க நிறைந்து மெல்ல ஆளைத் தூங்கவைத்துவிடும். நான் கதவருகே தரையில் இருந்தேன். சூட்டோடு மேலே ஏறியது அவன் படுத்திருந்த தட்டில் தங்கிவிட்டது.

அதன்பிறகு எங்கள் சந்தில் யாரும் கரியடுப்பை உள்ளே கொண்டுபோவதில்லை. சங்கு ஊதினால் மண்ணைப் போட்டு மூடுகிறோம். கரி போனால் போகட்டும். மூடிய அடுப்பும் வாசலிலேயே கிடக்கும். கறுப்புத் துணியை ஆணியடித்து அடைப்பதும் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு துணி, நடுவில் ஒரு சாண் விட்டுத் தொங்கவிடுகிறோம். ஒன்று இடது பக்கம் திறந்திருக்கும், மற்றது வலது பக்கம். வெளிச்சம் வெளியே போகாது, காற்று உள்ளே வரும். இசக்கியண்ணன்தான் வீடு வீடாகப் போய்த் தொங்கவிட்டார். எங்கள் வீட்டில் தொங்கவிடும்போது மட்டும் ஆணியைத் திரும்பத் திரும்பக் கீழே போட்டார்.

சண்டை நின்றது. எங்கள் பகுதியில் போரால் உயிர்ச்சேதம் இல்லை என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சனம் கை தட்டியது. என் கை எழவில்லை.

எங்கள் வீட்டில் போனது இவ்வளவு. ஒரு சோற்றுப் பானை. ஒரு தாழ்ப்பாள். ஒரு சிகடி, நானே மிதித்து நசுக்கியது. செல்வம். வயது இருபத்தாறு. அவன்மேல் குண்டு விழவில்லை, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை. நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லை என்று சொன்ன இடத்தில் ஒன்று.